மாட்டாஸ்பத்திரி ஐஸ் பெட்டியில் ஒரு காட்டுக்கோழி

பொறாமையெல்லாம் சின்ன வயசு சங்கதி, வயசானா தன்னால போயிடும்னு சொல்றவங்களை நான் நம்பறதே இல்லைங்க. எனக்கு அறுபது தாண்டியாச்சு. முட்டி போச்சு, பல்லு ரெண்டு போச்சு, கண்ணுல பொரை விழுந்து அதையும் எடுத்தாச்சு. பொறாமை மட்டும் கெட்டியா அப்படியே இருக்குது. நீங்கல்லாம் என் செட்டு ஆளுங்க, ஒரே பெஞ்சுல உக்காந்து அடி வாங்கினவங்க, உங்ககிட்ட மறைச்சு என்ன ஆவப்போவுது? நாம ஏழாவது படிச்ச வருஷம் நம்ம ஸ்கூல் லேபுக்கு ஒரு காட்டுக்கோழி வந்துச்சே, கண்ணாடிப் பெட்டிக்குள்ள காய்ஞ்ச புல்லு மேல உக்காந்த வாக்குல இருக்குமே, ஞாபகம் இருக்குதா? சேவலை நிக்க வெக்காம அடைகாக்கற பொட்டைக்கோழியாட்டம் ஏன் உக்கார வெச்சாங்கன்னு நீங்க யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் நான் சொல்லியிருக்க மாட்டேன்.

அந்த வருஷம்தான் எங்க அத்தை பொண்ணு எங்க வூட்டுக்கு வந்தா. அத்தையும் அத்தை வூட்டுக்காரரும் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனாங்க. புள்ளையோட படிப்பு கெட்டுடக் கூடாதுன்னு அவளை எங்க வூட்ல விட்டு, நம்ம கிளாஸ்லயே சேத்துட்டுப் போனாங்க. "அண்ணா, உம்பொண்ணாட்டம் பாத்துக்கோ"ன்னு அத்தை ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போச்சு. எங்கப்பா அதை அப்படியே பிடிச்சுக்கிட்டாரு. உம்பொண்ணாட்டம்னா என்ன அர்த்தம், அப்போ நான் யாரு? இதை எங்கப்பாகிட்டக் கேக்க எனக்கு வாய் வரலை.

எங்கப்பா லாரி டிரைவர். தக்காளி லோடு, மாங்கா லோடுன்னு பெங்களூருக்கும் சேலத்துக்குமா ஓட்டுவாரு. வாரத்துல ஒரு நாள்தான் வூட்டுக்கு வருவாரு. வர்றப்ப வழியில எதையாவது வாங்கி, பேப்பர்ல சுத்தி, சீட்டுக்குப் பின்னால வெச்சு எடுத்தாருவாரு. தேங்கா பன்னு, கொய்யாப்பழம், ஒரு தடவை ரப்பர் வளையல். என்ன சாமான்ங்கறது முக்கியமில்லை. அந்தப் பொட்டலத்தைப் பிரிக்கறது நான். பொறந்ததுல இருந்து நான்தான். அவ வந்த முதல் வாரமே எங்கப்பா லாரியில இருந்து இறங்கி, "இந்தா பாப்பா, நீ பிரி"ன்னு அவ கையில குடுத்தாரு. எனக்கு அன்னைக்கு அடிவயித்துல பத்திக்கிட்டு எரிஞ்சுது. அந்தப் பன்னை நான் தொடலை. அதுவும் யாருக்கும் தெரியலை, என் பங்கைப் பூனை தின்னுச்சு.

அவ கெட்டவளா இருந்திருந்தாலாவது பரவாயில்லை. நல்லவ. அதுதான் எனக்குத் தாங்கலை. அவங்க ஊருல சாமந்திக் காடு. பூ கட்டிக் கட்டி விரல் பழகிடுச்சு. நூலை எடுத்தான்னா நாம ஒரு டம்ளர் காபி குடிச்சு முடிக்கறதுக்குள்ள ரெண்டு முழம் கட்டிடுவா, ஒரு பூ கசங்காது. "அந்தக் கையைப் பாத்தாவது கத்துக்கடி"ன்னு எங்கம்மா தினம் ஒரு தடவையாவது என்னைக் குத்தும். எனக்குப் பூவை எடுத்தாலே காம்பு ஒடிஞ்சுடும். என்னை விட நாலு மாசம் சின்னவ, என்னை விட நாலு விரக்கடை உயரம், என்னை விட கணக்குல பத்து மார்க்கு கூட. இன்னும் என்னங்க வேணும்?

எனக்குன்னு மிச்சம் இருந்தது டீச்சர் மட்டும்தான். எங்க வூட்டு முன்னறையில சயின்ஸ் டீச்சர் வாடகைக்கு இருந்தாங்க. உங்களுக்குத் தெரியுமே, ஒல்லியா, காட்டன் பொடவை கட்டி, சிரிச்சா கன்னத்துல குழி விழும். சேலத்துக்காரங்க. அவங்களுக்குக் குடத்துல தண்ணி எடுத்து வெக்கறது நான். நோட்டுக்கட்டைத் தூக்கிட்டுப் பின்னால போறது நான். டீச்சர் எனக்குத்தான்னு மனசுக்குள்ள பட்டா போட்டு வெச்சிருந்தேன்.

மாசி மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை காலையில எங்கப்பா லாரியை ரோட்டோரமா நிறுத்திட்டு, துண்டுல எதையோ சுத்தித் தூக்கிட்டு வந்தாரு. பிரிச்சுக் காட்டினா காட்டுக்கோழிச் சேவல்.

"தொப்பூர் இறக்கத்துல விடியறப்ப விர்ருன்னு குறுக்க பறந்துச்சு. கண்ணாடியில அடிச்சு விழுந்துடுச்சு. அங்க வண்டியை நிறுத்தவே கூடாது, பின்னால வர்றவன் ஏத்திடுவான். இருந்தாலும் மனசு கேக்காம இறங்கி எடுத்தாந்துட்டேன்"னாரு.

இப்போ காட்டுக்கோழி இறகு ஒண்ணு வூட்ல இருந்தாலே ஃபாரஸ்ட்காரங்க வந்து நிப்பாங்க. அப்போ எங்களுக்கு அதெல்லாம் எங்க தெரியும்? எங்கம்மாவுக்குத் தெரிஞ்சது கறி. அடுப்புல சட்டியை ஏத்தி, கோழி முக்கறதுக்குத் தண்ணியைக் கொதிக்க விட்டாச்சு. மஞ்சளை எடுத்து வெச்சாச்சு, அம்மியில மசாலாவும் அரைச்சாச்சு. நான் அந்தச் சேவலைப் பாத்துட்டே நின்னேன். கழுத்து பூராவும் கருப்பு இறகு. ஒவ்வொரு இறகுலயும் மெழுகைச் சொட்டு விட்ட மாதிரி வெளிர் மஞ்சப் புள்ளி. வாலு கருநீலம், சாய்ச்சுப் பாத்தா பச்சை. காலு ஆரஞ்சுச் செவப்பு. அலகு ஓரத்துல மட்டும் ஒரு சொட்டு ரத்தம், மத்தபடி தூங்கற மாதிரிதான் இருந்துச்சு.

எங்கம்மா கொதிதண்ணியைத் தூக்கறப்ப, முன்னறையில இருந்து டீச்சர் வாய் நெறைய பேஸ்ட் நுரையோட ஓடியாந்தாங்க.

"ஐயோ, தண்ணி ஊத்திடாதீங்க, ஊத்திடாதீங்க! ஒரு இறகு கூடப் பிடுங்காதீங்க!"

எங்கம்மா சட்டியோட அப்படியே நின்னுடுச்சு. "ஏனுங்க, விஷம் தின்ன கோழியாங்க?"

டீச்சர் வாயைக் கொப்பளிச்சுட்டு வந்து விஷயத்தைச் சொன்னாங்க. காலேஜுல அவங்க பறவையைப் பாடம் பண்ணக் கத்துக்கிட்டாங்களாம். தோலை இறகோட உரிச்சு, மருந்து தடவி, உள்ள பஞ்சு அடைச்சு, கண்ணாடிக் கண்ணு வெச்சா ரொம்ப வருஷத்துக்கு அப்படியே இருக்குமாம். நம்ம லேபுல பாட்டில்ல ஒரு தவளையும் ஒரு பாம்பும் தவிர வேற ஒண்ணும் இல்லை, பங்குனியில இன்ஸ்பெக்‌ஷன் வருது, இந்த மாதிரி அடிபட்டும் சிதையாத பறவை அமையறது அபூர்வம்னு கையைப் பிசைஞ்சாங்க.

"டீச்சரம்மா கேக்கறாங்க, குடுத்துடு. கறி இன்னொரு நாள் திங்கலாம்"னாரு எங்கப்பா.

"அரைச்ச மசாலாவை என்ன பண்றது?"ன்னுச்சு எங்கம்மா. அன்னைக்கு அந்த மசாலாவுல உருளைக்கிழங்கைப் போட்டு ஆக்குச்சு. சும்மா சொல்லக் கூடாது, நல்லாத்தான் இருந்துச்சு.

டீச்சர் அறையில தரையில பேப்பர் விரிச்சு சேவலைப் படுக்க வெச்சோம். நானும் அவளும் ரெண்டு பக்கமும் உக்காந்தோம். முதல்ல அலகுக்குள்ள, மூக்கு ஓட்டையில, பின்பக்கம், எல்லாத்துலயும் பஞ்சை உருட்டி அடைக்கணும். உள்ள இருந்து ஈரம் கசிஞ்சு இறகுல பட்டா கறை போகாதாம். ரத்தத்தைப் பச்சைத்தண்ணி நனைச்ச பஞ்சால இறகு படுத்திருக்கற வாட்டத்துலயே துடைக்கணும், எதிர்ல துடைக்கக் கூடாது. நான் எதிர்ல துடைச்சுட்டேன். டீச்சர் என் கையை மெதுவா தள்ளிட்டு, "நீ பாரு போதும்"னாங்க.

அப்புறம் ஈரம் உறிஞ்ச மாவு மாதிரி எதையாவது தூவணும்னாங்க. நான் அடுப்படிக்கு ஓடி ஒரு கைப்பிடி ராகி மாவை அள்ளிட்டு வந்தேன். எங்க வூட்ல மாவுன்னா ராகி மாவுதான், நான் வேற எதைக் கண்டேன்? டீச்சர் சிரிச்சுட்டாங்க. "இதைப் போட்டா கோழியே செம்மண்ணு கலர்ல ஆயிடும், கண்ணு." அதுக்குள்ள அவ எழுந்து போயி, தன்னோட தகரப் பொட்டியில இருந்து முகப்பவுடர் டப்பாவை எடுத்தாந்து நீட்டினா. அவங்கம்மா பெங்களூரு போறப்ப வாங்கிக் குடுத்தது. பண்டிகைக்கு மட்டும்தான் போடுவா. டீச்சர் அதைத் தூவி, பஞ்சால தட்டி எடுத்தாங்க, இறகு புதுசாட்டம் எழும்பி நின்னுச்சு.

"பாரு, இதுக்குப் பேருதான் மூளை"ன்னு டீச்சர் அவ தலையில கை வெச்சாங்க. கன்னத்துக் குழி அவளைப் பாத்து விழுந்துச்சு. ராகி மாவு என் உள்ளங்கையில வேர்வையோட பிசுபிசுத்துப் போச்சு.

மிச்சத்தையெல்லாம் அவதான் செஞ்சா. தலையை இறக்கைக்கு அடியில மடிச்சு வெச்சா. வால் இறகு மடங்காம இருக்க, வேட்டி வந்த அட்டையை ரெண்டா வெட்டி, நடுவுல வாலை வெச்சு நூலால கட்டினா, பூ கட்ற மாதிரியே. டீச்சர் பேப்பரைப் பொட்டலம் மாதிரி கூம்பா சுத்திக் குடுத்தாங்க. அதுக்குள்ள தலைப்பக்கமா சேவலை இறக்கினா, இறகு எல்லாம் ஒழுங்கா படிஞ்சு போச்சு. அதை உரமூட்டைக்குள்ள இருக்கற பிளாஸ்டிக் பையைக் கழுவிக் காய வெச்சு அதுக்குள்ள போட்டு, காத்தைப் பிதுக்கி எடுத்துட்டு, வாயை முறுக்கிக் கட்டினாங்க.

"உரிக்கறப்பவும் நீதான் என்கூட இருக்கணும். பெட்டியில அட்டை வெப்போம். பாடம் செய்தவர்னு என் பேரு. கீழ உதவின்னு உன் பேரு"ன்னாங்க டீச்சர் அவகிட்ட.

சேவல் கொண்டாந்தது யாரு? எங்கப்பா. டீச்சருக்குத் தண்ணி தூக்கறது யாரு? நான். அட்டையில பேரு யாருக்கு? அவளுக்கு. அந்த அட்டையில என் பேரு வரணும்னு எனக்கு அன்னைக்குப் பிடிச்ச வெறி, பின்னால வேலைக்கு மனு போட்டப்ப கூட எனக்கு வந்ததில்லைங்க.

மருந்தும் கண்ணாடிக் கண்ணும் தபால்ல வர ஒரு மாசம் ஆகும். அது வரைக்கும் கெடாம வெக்கணும்னா ஐஸ் பெட்டி வேணும். டவுன்லயே நல்ல ஐஸ் பெட்டி ஒண்ணே ஒண்ணுதான், மாட்டாஸ்பத்திரியில. படுக்கை வாட்டத்துல பெருசா, மூடி மேல தெறக்கும். கோழி அம்மைக்கும் கழிச்சலுக்கும் போடற மருந்தெல்லாம் அதுக்குள்ளதான். கம்பவுண்டர் முதல்ல ஒத்துக்கவே இல்லை. "கோழி சாவாம இருக்க மருந்து வெச்சிருக்கற பெட்டிங்க இது. இதுல செத்த கோழியைக் கொண்டாந்து வெக்கச் சொல்றீங்களே!"ன்னாரு. அப்புறம் டீச்சர் மூஞ்சிக்காகச் சரின்னு சொல்லி, "வாரம் ஒரு தடவை ஒரு புள்ள மட்டும் வந்து பாத்துட்டுப் போவட்டும், கும்பலா வரக் கூடாது"ன்னாரு. அந்த ஒரு புள்ள யாருன்னு நான் தனியா சொல்லணுமா?

வர்ற வழியில டீச்சர் எங்க ரெண்டு பேருக்கும் ஒண்ணு சொன்னாங்க. "உறைஞ்சது உறைஞ்சபடியே இருக்கணும். நடுவுல உருகிட்டு மறுபடி உறைஞ்சா வயித்துப்பக்கத்துத் தோலு கெட்டுடும். அப்புறம் தொட்டா இறகு கொத்துக் கொத்தா கையோட வந்துடும்." அவ தலையை ஆட்டினா. நானும் ஆட்டினேன். நான் நல்லா கவனிச்சுக் கேட்டுக்கிட்டேன்.

ரெண்டாவது வாரம் சனிக்கிழமை காலையில அவ மாட்டாஸ்பத்திரிக்குப் போயி, பையைத் தொட்டுப் பாத்துட்டு, "கல்லாட்டம் இருக்குது டீச்சர்"னு சந்தோசமா சொல்லிட்டு வூட்டுக்குள்ள வந்தா. வந்தவ அழுதுட்டே எங்கம்மாவைக் கூப்பிட்டா. எங்கம்மா பாத்துட்டு அவளை அங்கயே நிறுத்திடுச்சு. அவ பெரியவளாயிட்டா.

நாலு மாசம் மூத்தவ நான் இருக்கறேன். அதுலயும் அவதான் முந்திக்கிட்டா.

தாய்மாமன்தானே பச்சை ஓலைக் குடிசை கட்டணும்? அவளுக்குத் தாய்மாமன் எங்கப்பா. லோடை வேற டிரைவர்கிட்ட மாத்தி விட்டுட்டு வந்தாரு. எனக்குக் காய்ச்சல் வந்து கெடந்தப்ப கூட லோடை மாத்தாத மனுசன். தென்னோலையை வெட்டித் தானே கீத்து முடைஞ்சு, புங்கந்தழை கட்டி, வூட்டு ஓரத்துல குடிசை போட்டாரு. வேர்க்க விறுவிறுக்கக் கட்டிட்டு, "பாப்பா, உள்ள நெழலா இருக்குதா?"ன்னு கேட்டாரு. உள்ள இருந்து, "இருக்குதுங்க மாமா"ன்னு அவ குரல். உளுந்துக் களியும் நல்லெண்ணெயும் பச்சை முட்டையும் வேளாவேளைக்கு உள்ள போவுது. பெங்களூருல இருந்து அத்தை வந்து இறங்குச்சு. கிளிப்பச்சைப் பட்டுப்பாவாடை, கண்ணாடி வளையல், தட்டுத் தட்டா சீர். நான் தண்ணி தூக்கிட்டு அலைஞ்சேன். அடுத்த வருஷம் எனக்கு ஆனப்ப எங்க மாமா கட்டின குடிசை ஒரு பக்கம் சாஞ்சே நின்னுச்சு, எங்கப்பா நாக்பூருக்கு லோடு போயிட்டாரு. அது வேற கதை.

பதினாறு நாள் அவ வெளிய வரக் கூடாது. அப்போ ஐஸ் பெட்டியை யாரு பாக்கறது? "நீ போயிட்டு வந்துடு கண்ணு"ன்னு டீச்சர் என்கிட்டச் சொன்னாங்க. வேற ஆள் இல்லாததால சொன்னாங்க. அது எனக்குப் புரிஞ்சுது.

மாட்டாஸ்பத்திரியில ஒண்ணரைக்கு மேல ஆள் இருக்காது. கம்பவுண்டர் சாப்பிடப் போனா நாலரைக்குத்தான் வருவாரு. கதவு சும்மா சாத்தி இருக்கும். உள்ள பினாயில் வாடை, சாணி வாடை. பெட்டி மட்டும் உறுமிட்டே இருக்கும். மூடியைத் தூக்கினா குளிர் மூஞ்சில அடிக்கும், கையெல்லாம் மரத்துப்போகும். முதல் நாள் நான் பாக்கத்தான் போனேன், சத்தியமா பாக்கத்தான். பையைத் தூக்கினப்ப அவ கட்டின முடிச்சு கண்ணுல பட்டுச்சு. அவ்வளவு அழகா ஒரு முடிச்சு. அதைப் பாத்ததும் எனக்கு என்ன தோணுச்சோ, பையோட தூக்கிட்டுக் கொல்லைப்பக்கம் போனேன். அங்க மாட்டுக்குத் தண்ணி காட்ற சிமெண்டுத் தொட்டி, அந்த மாசம் காய்ஞ்சு கெடந்துச்சு. மாசி வெயில்ல தொட்டி கொதிக்குது. அதுக்குள்ள பையை வெச்சேன். பக்கத்து வேப்பமரத்து அடியில உக்காந்தேன். பையில மேல படிஞ்ச பனி தண்ணியா ஓடுச்சு. நாலு மணிக்கு அமுக்கிப் பாத்தேன். மேல மெத்துன்னு அமுங்குச்சு, உள்ள மட்டும் கெட்டி. துடைச்சுத் திரும்ப ஐஸ் பெட்டியில வெச்சுட்டு வூட்டுக்கு வந்துட்டேன்.

"எப்படி இருக்குது?"ன்னாங்க டீச்சர்.

"கல்லாட்டம் இருக்குதுங்க டீச்சர்"னேன். அவ சொன்ன அதே வார்த்தை.

வாரம் ஒரு தடவைதான் போகணும். அந்தப் பதினாறு நாளுக்குள்ள நான் மூணு தடவை போனேன். மூணு தடவையும் தொட்டியில வெச்சேன். விவரம் தெரியாம செஞ்சதுன்னு நான் சொல்ல மாட்டேன். எனக்கு விவரம் நல்லாவே தெரியும், டீச்சர்தான் சொல்லிக் குடுத்தாங்களே.

சடங்கு முடிஞ்சு, குடிசையைக் கொளுத்தி, அவ தலைக்கு ஊத்தி வூட்டுக்குள்ள வந்த மறுவாரம் தபால் வந்துச்சு. முதல் நாளே சேவலைக் கொண்டாந்து டீச்சர் அறையில ஈரத்துணி சுத்தி உருக விட்டோம். மறுநாள் காலையில எல்லாரும் வேடிக்கை பாக்க வந்துட்டாங்க. எங்கப்பா, எங்கம்மா, ஊருக்குக் கிளம்ப வேண்டிய அத்தை கூட நின்னுச்சு. டீச்சர் நெஞ்சு எலும்பு மேல இறகை ரெண்டு பக்கமும் ஒதுக்கச் சொன்னாங்க. அவ ரெண்டு விரலால, பூவைத் தொடற மாதிரி ஒதுக்கினா. ஒரு கொத்து இறகு விரலோட வந்துச்சு. அவ பயந்துட்டு இன்னொரு பக்கம் தொட்டா. அங்கயும் வந்துச்சு. அடியில தோலு பச்சையா, வழவழன்னு. வாடை குப்புன்னு அடிச்சுது. அவ கையை எடுக்கக் கூடத் தெரியாம அப்படியே உக்காந்திருந்தா, விரல் பூரா இறகு ஒட்டிக்கிட்டு.

மறைக்க மாட்டேன், எனக்கு சந்தோசமா இருந்துச்சு. அந்த ஒரு நிமிசம் மட்டும் எனக்கு வயிறு குளிர்ந்துச்சு.

அப்போ எங்கம்மா வாயைத் தெறந்துச்சு. "அன்னைக்குக் காலையில இவதானே போயி தொட்டுட்டு வந்தா. தூரம்னு தெரியாம தொட்டிருக்கறா. தீட்டு பட்டுடுச்சு. பின்ன கோழி அழுகிப் போவாம என்ன பண்ணும்?"

அத்தை வாயில கை வெச்சுக்கிச்சு. "ஆமாங்க அண்ணி, நான் யோசிக்கவே இல்லை பாருங்க."

டீச்சருக்குக் கோவம் வந்துடுச்சு. "அதெல்லாம் இல்லீங்க. இது குளிர் விட்டுப்போனதால வர்றது. தீட்டுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை." என் பக்கம் திரும்பினாங்க. "நீ போனப்பல்லாம் பெட்டி ஓடிட்டு இருந்துச்சா? கரண்டு இருந்துச்சா? நல்லா யோசிச்சுச் சொல்லு."

"இருந்துச்சுங்க டீச்சர். கல்லாட்டம் இருந்துச்சு."

கரண்டு இல்லைன்னு ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்லியிருந்தா அவ தப்பிச்சிருப்பா. அது எனக்கு அப்பவே தெரியும். சொல்லலை.

"பாத்தீங்களா டீச்சரம்மா? நீங்க படிச்சவங்கதான், இல்லைங்கலை. ஆனா இது எங்க கண்ணு முன்னால நடக்குதே"ன்னுச்சு எங்கம்மா. டீச்சர் ஈரத்துணியை எடுத்துக் கோழி மேல போட்டு மூடினாங்க. என்னை மட்டும் கொஞ்ச நேரம் பாத்தாங்க.

அவ எழுந்து போயி கிணத்தடியில கையைக் கழுவினா. கழுவினா, கழுவிட்டே இருந்தா. எங்கப்பா போயி பக்கத்துல நின்னு, "விடு பாப்பா, ஒரு கோழிதானே, மாமா இன்னொண்ணு பிடிச்சாறேன்"னு துண்டால அவ கண்ணைத் தொடைச்சாரு. பாத்தீங்களா? அவ பழி சுமந்து நின்னப்ப கூட எங்கப்பாவோட துண்டு அவளுக்குத்தான்.

அதுக்கப்புறம் அவ அந்த அறைக்கே வரலை. "நான் தொட வேண்டாங்க டீச்சர்"னு சொல்லிட்டா. டீச்சர் எவ்வளவோ கூப்பிட்டுப் பாத்தாங்க. கடைசியில என்னைக் கூப்பிட்டாங்க. வயித்துப்பக்கம் பூரா மொட்டையாப் போனதால நிக்க வெக்க முடியலை. காய்ஞ்ச புல்லை வெச்சு அடியை மறைச்சு, உக்காந்த வாக்குல வெச்சோம். அட்டையில டீச்சர் கையெழுத்துல உதவின்னு போட்டு என் பேரு வந்துச்சு. இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்தவரு படிச்சுப் பாத்துட்டு என்கிட்டக் கை குடுத்தாரு. நீங்கல்லாம் கூட கை தட்டினீங்க. அவளும் தட்டினா. சித்திரையில அவங்கம்மா வந்து அவளைக் கூட்டிட்டுப் போயிடுச்சு.

டீச்சர் அடுத்த வருஷம் மாத்தல் ஆகிப் போனாங்க. என்கிட்ட அதுக்கப்புறமும் நல்லாத்தான் பேசினாங்க. ஆனா அந்தக் கன்னத்துக் குழி என்னைப் பாத்து மறுபடி விழவே இல்லை. தெரிஞ்சிருக்குமோ என்னமோ, நான் கேக்கலை.

போன மாசம் காரிமங்கலத்துல அவ வூட்டுக்குப் போயிருந்தேன். இப்பவும் அவ என்னை விட நல்லாத்தான் இருக்கறா, மாடி வூடு, தங்கமான மருமவன், முட்டி வலி கூட இல்லை. அவ மகளோட பொண்ணு ஏழாவது படிக்குது, ஆறு மாசம் முன்னதான் சடங்கு சுத்தினாங்க. நான் போனப்ப மாடிப்படிக்குக் கீழ தனியா பாயில உக்காந்திருந்துச்சு. தனித் தட்டு, தனி டம்ளர். கையில செல்போன்.

"என்ன இது, இன்னுமா இதெல்லாம்?"னேன்.

"நல்லா கேளுங்க ஆயா. என் ஃபிரெண்டுங்க வூட்ல யாரும் இப்படிப் பண்றதில்லை. எங்க மிஸ்ஸே ஒண்ணும் ஆவாதுன்னு சொல்றாங்க"ன்னுச்சு புள்ள.

அவ வெடுக்குன்னு திரும்பினா. "ஒண்ணும் ஆவாதா? உங்க மிஸ்ஸு பாத்தாங்களா? நான் பாத்தவ. உன் வயசுல தெரியாம ஒரே ஒரு தடவை தொட்டேன். ஐஸ் பெட்டியில கல்லாட்டம் இருந்த காட்டுக்கோழி, தோலோட அழுகிப் போச்சு. அன்னையில இருந்து இன்னைக்கு வரைக்கும் அந்த நாள்ல நான் பூ தொட்டதில்லை, ஊறுகா தொட்டதில்லை, எம்மவளைக் கூடத் தொட விட்டதில்லை. வேணும்னா இவளைக் கேளு. கூடவே இருந்தவ."

எல்லாரும் என்னைப் பாத்தாங்க. அவ மக, மருமவன், அந்தப் புள்ள.

காபி டம்ளரைக் கீழ வெச்சேன். சொல்லிட்டேன். "தீட்டும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. நான்தான் அதை எடுத்து வெயில்ல வெச்சேன். மாட்டுத் தொட்டியில. நீ குடிசையில இருந்தப்ப மூணு தடவை வெச்சேன். உம்மேல பொறாமை. அதனாலதான் செஞ்சேன்."

அவ என் மூஞ்சியவே பாத்தா. அப்புறம் அவளுக்குக் கண்ணு கலங்குச்சு. வந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டா.

"பாத்தியாம்மா, உன் அத்தையோட மனசை? புள்ள வருத்தப்படக் கூடாதுன்னு பழியைத் தூக்கித் தன் தலையில போட்டுக்கறா. சின்னதுல இருந்தே இவ இப்படித்தான்"னு மககிட்டச் சொன்னா.

"நிஜமாத்தான்டி சொல்றேன். மூணு தடவை. வேப்பமரத்துக்குப் பக்கத்துல தொட்டி."

"சரி, சரி. வெச்சே. இப்போ காபி குடி, ஆறுது."

"இந்த மனசு யாருக்குங்க வரும்"னாரு மருமவன்.

அவ வாயால ஒரு நல்ல வார்த்தை எனக்கு வரணும்னு நான் எத்தனை வருஷம் ஏங்கியிருக்கறேன், உங்களுக்குத் தெரியுமா? வந்துச்சு. கேக்க நல்லாவும் இருந்துச்சு, அதையும் ஒத்துக்கறேன். அந்தப் புள்ளையைப் பாத்து, "நான் சொன்னது நிஜம் கண்ணு, நீ எழுந்து வா"ன்னேன். அது என்னையும் அவங்க ஆயாவையும் மாத்தி மாத்திப் பாத்துச்சு. அப்புறம் எழுந்து, தன்னோட டம்ளரைத் தானே குழாயடியில கழுவி எடுத்தாந்து, பாய்க்குப் பக்கத்துல கவுத்து வெச்சுட்டு உக்காந்துக்கிச்சு.